கோடைக் கண்மாயில் மீன்: ஓர் ஊர் உரிமையின் வரலாறு

வற்றாத ஆறு ஓடாத மேட்டுநிலத்தில் மீன்பிடிப்பு எப்போதும் பருவத்துக்குக் கட்டுப்பட்டே நடந்து வந்திருக்கிறது. புதுக்கோட்டை, சிவகங்கை மாவட்டங்களும், மதுரை மாவட்டத்து மேலூர், கொட்டாம்பட்டிப் பகுதிகளும், திண்டுக்கல் மாவட்டத்து நத்தமும், திருச்சி மாவட்டத்து மணப்பாறை, துவரங்குறிச்சி வட்டாரமும் சேர்ந்த பெரும்பரப்பு அத்தகைய நிலம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை கொண்டுவரும் நீரை, சரிவின் குறுக்கே மண்கரை எழுப்பித் தேக்கி வைக்கும் கண்மாய்களே அங்கு வயலுக்கும் கால்நடைக்கும் ஆதாரம். தொண்டை நாட்டார் ஏரி என்று சொல்லும் அமைப்பும் இதுவே. தமிழ்நாடு முழுவதிலும் இவ்வகை நீர்நிலைகள் 39,000க்கு மேல் இருப்பதாகக் கணக்கிடப்படுகிறது. தை அறுவடை முடிந்து மாசி பிறக்கும்போது நீர் இறங்கத் தொடங்கி, பங்குனி, சித்திரையில் கரையோரப் பள்ளங்களில் மட்டும் குட்டையாக ஒதுங்குகிறது. அந்த ஒதுங்கிய நீரில் எவர் எப்போது இறங்கலாம், பிடிக்கும் மீன் எவருக்குச் சேரும் என்பதை ஒவ்வோர் ஊரும் தனக்கென ஒரு முறை வகுத்து நடத்தி வந்த வரலாறு நீண்டது. கோடை விடுமுறைக்குத் தாய்மாமன் ஊருக்கு வரும் சிறுவர் முதல் மீனையே தொழிலாகக் கொண்டோர் வரை அனைவரையும் கட்டுப்படுத்திய முறை அது.

கோடையில் நல்ல மீன் கிடைக்கும் இடம் எது என்பதைக் கண்மாயின் கட்டுமானமே பெரிதும் தீர்மானிக்கிறது. கரை எழுப்புவதற்கான மண் பெரும்பாலும் கண்மாயின் உட்புறத்திலிருந்தே வெட்டி எடுக்கப்பட்டதால், கரையை ஒட்டிய உள்வாய்ப் பகுதியே ஆழமானது. நீர் சுருங்கும்போது மீன்கள் அந்தப் பக்கமே நகர்கின்றன. அதிலும் மடையின் முன்னுள்ள பள்ளம் கடைசிவரை நீர் நிற்கும் இடமாகும். மடை என்பது கண்மாய் நீரைப் பாசன வாய்க்காலுக்கு விடும் திறப்பு. பாண்டிய நாட்டில் இதன் பழைய வடிவமான குமிழித்தூம்பு, கரையிலிருந்து சற்று உள்ளே தள்ளி இரு கல்தூண்களுக்கிடையே அமைந்து, தெளிந்த நீர் செல்ல நீரோடித் துளையும் அடியில் படியும் வண்டல் வெளியேறச் சேறோடித் துளையும் கொண்டிருந்தது. சேறு தொடர்ந்து வெளியேறியதால் தூம்பைச் சுற்றிய இடம் தூராமல் ஆழம் காத்தது. அந்த ஆழமே கோடையில் மீனுக்குப் புகலிடமாயிற்று. நீர் பங்கிட்டு விடும் பொறுப்பை ஏற்ற நீர்பாய்ச்சி, மடைக்குடும்பன் முதலிய ஊர்ப் பணியாளர்களே அந்தப் பள்ளங்களை அங்குலம் அங்குலமாக அறிந்திருந்தனர்.

மீன் வகைக்கேற்ப இடமும் மாறும். விரால் கோரையும் புல்லும் அடர்ந்த ஓரங்களை நாடும். நேரடியாகக் காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு அதற்கு இருப்பதால், நீர் கலங்கிச் சேறாகிவிட்ட நிலையிலும் சில காலம் உயிர் தாங்கும். கெளுத்தி கரைச்சரிவில் பதித்த கற்களின் இடுக்குகளில் ஒதுங்கும். அயிரை வரத்துக்காலின் மணற்பாங்கான அடியிலும், ஆரால் ஈரச்சேற்றின் உள்ளேயும் கிடைக்கும். வரத்துக்கால் என்பது மேட்டிலிருந்து கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் ஓடையாகும். ஒரு கண்மாய் நிறைந்தால் மிகுநீர் கலிங்கு வழியாக, அதாவது கரையின் ஓரத்தில் கல்லால் கட்டிய வழிந்தோடும் தளத்தின் வழியாக, அடுத்த கண்மாய்க்குச் செல்லுமாறு இவை சங்கிலித் தொடராக அமைக்கப்பட்டிருந்தன. அந்தத் தொடரே மீனுக்கும் பாதையாயிற்று: மழைக்காலத்தில் மேலிருந்து நீரோடு குஞ்சுகள் இறங்கின, புதுவெள்ளத்தை எதிர்த்துப் பெரிய மீன்கள் மேலேறி முட்டையிட்டன. வற்றிய கண்மாயும் மறு மழையில் மீனோடு நிறைந்ததற்குக் காரணம் இந்த இணைப்பேயன்றி எவரும் குஞ்சு விட்டதன்று. இவ்வுண்மையை மனத்தில் கொண்டால்தான் கோடை மீன்பிடிப்பின் நியாயம் விளங்கும். வெயிலில் வற்றி எப்படியும் மடியப்போகும் மீனைப் பங்குனியிலோ சித்திரையிலோ பிடிப்பதால் இனத்துக்குப் பெரும் கேடில்லை. ஐப்பசியில் ஏறிவரும் சினைமீனை வரத்துக்காலில் மறிப்பதுதான் கேடு.

உள்நாட்டு நீர்நிலைகளில் மீன் பிடித்ததற்கான இலக்கியச் சான்றுகள் சங்க காலத்திலேயே தெளிவாகக் கிடைக்கின்றன. ஐங்குறுநூற்றின் மருதப் பாடல்களில் பாண்மகள் மீன் கொடுத்து நெல் பெறுகிறாள். வயலும் குளமும் ஒரே பொருளாதாரத்தின் இரு பக்கங்களாக இருந்ததை இப்பண்டமாற்று காட்டுகிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படை, மீன்பிடிப்பின் நுட்பங்களையே விவரிக்கிறது. தோல்பையில் இறைச்சித் துண்டுகளை இரையாக வைத்துக்கொண்டு நீண்ட மூங்கில் தூண்டிலோடு பாணர் நீர்க்கரையில் இருப்பதையும், இரையைக் கவ்விவிட்டு முள்ளிலிருந்து தப்பிய வாளை, பின்னர் கரையோரப் பிரம்பின் அசையும் நிழலைக் கண்டும் அஞ்சுவதையும் அது காட்டுகிறது. தூண்டில்காரரின் நிழல் நீரில் விழக்கூடாது என்று இன்றும் கண்மாய்க் கரைகளில் சொல்லப்படும் எச்சரிக்கையை இதனோடு வைத்துப் பார்த்தால், புலவர் கேள்வியறிவால் மட்டும் இதை எழுதியிருக்க முடியாது என்று கருத இடமுண்டு. அதே நூல் வலைஞர் குடியிருப்பையும் அங்குள்ள பறிகளையும் தனியே காட்டுவதிலிருந்து, தூண்டிலும் வலையும் பொறியும் வெவ்வேறு மக்களின் கைக்கருவிகளாக அக்காலத்திலேயே பிரிந்திருந்தமை தெரிகிறது. பறி என்பது மீன் உள்ளே புகுந்தால் திரும்ப வெளிவர முடியாதவாறு பின்னிய கூடைப் பொறி.

இடைக்காலக் கல்வெட்டுகளுக்கு வரும்போது மீன், இலக்கியக் காட்சி என்ற நிலையிலிருந்து வருவாய்க் கணக்காகிறது. பாசிப்பாட்டம், மீன்பாட்டம் முதலிய பெயர்களில் குறிக்கப்படும் வரி, ஏரி குளங்களில் விளைவதை எடுத்துக்கொள்ளும் உரிமைக்காகச் செலுத்தப்பட்ட தொகையாகும். உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் ஏரி வாரியம் என்னும் குழுவைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுத்த விதத்தை விவரிப்பது பலரும் அறிந்தது. ஏரியைப் பேண விடப்பட்ட நிலமான ஏரிப்பட்டியும், ஏரிக்கென்றே தண்டிய ஏரியாயமும், ஓடம் வைத்து வண்டல் அள்ளுவதற்கு விடப்பட்ட அறக்கொடைகளும் அத்தகைய அமைப்புகளுக்குப் பொருள் தந்தன. மீன் வருவாயும் இந்த வரிசையில் நிற்கிறது என்பதே கவனிக்கத்தக்கது. ஏரியில் விளைந்த மீனால் கிடைத்த பணம் அந்த ஏரியைத் தூர்வாரவும் கரையை உயர்த்தவும் செலவிடப்பட வேண்டும் என்று சோழர் காலம் தொடங்கி விசயநகர ஆட்சிவரை பல ஊர்களில் விதி செய்யப்பட்டது. தூர்வாரிய ஏரியில் நீர் அதிக நாள் நிற்கும். நீர் நின்றால் மீன் பெருகும். மீன் பெருகினால் தூர்வாரப் பணம் சேரும். நீரியலும் நிதியும் ஒன்றையொன்று தாங்கிய இந்த ஏற்பாட்டைத் தமிழக ஊராட்சி வரலாற்றின் மிகச் சிறந்த சிந்தனைகளுள் ஒன்றாகக் கொள்வது மிகையாகாது. உத்திரமேரூரின் தேர்தல் முறைக்குக் கிடைத்த புகழில் ஒரு பங்குகூட இதற்குக் கிடைக்கவில்லை.

பாளையக்காரர், சமீன்தார் காலத்தில் இந்த வருவாய் பல கைகளுக்குப் பிரிந்தது. மீன்பாசிக் குத்தகைப் பணம் ஊர்க்கோயில் திருவிழாவுக்கும் பொதுச்செலவுக்கும் போயிற்று. அதை ஏலம் விடுவதும் எடுப்பதும் ஊரில் ஆதிக்கம் செலுத்தியோரின் மதிப்பைக் காட்டும் செயல்களாயின. கண்மாயில் முதலில் இறங்கும் உரிமை, பிடிபட்டதில் முதல் பங்கு பெறும் உரிமை ஆகியவை கோயில் மரியாதைகளைப் போலவே சாதிப் படிநிலையில் பிணைந்திருந்தன. ஊர்ப்பொது என்ற சொல் ஊரார் அனைவரையும் எக்காலத்திலும் சமமாகக் குறித்ததில்லை. மடையைக் காத்து, நீரில் மூழ்கித் தூம்பைத் திறந்து அடைத்த உழைப்பாளர் குடிகள் ஏலப் பேச்சில் இடம் பெறாமலே இருந்த ஊர்கள் பல. இவ்வுண்மையை விட்டுவிட்டுப் பழைய முறையைப் பொற்காலமாக எழுதுவது வரலாறாகாது.

ஆங்கிலேய ஆட்சியில் இரு வேறு பார்வைகள் கண்மாய்க்கு வந்தன. வருவாய்த் துறை கண்மாயை முதன்மையாகப் பாசன வரியின் மூலமாகக் கண்டது. கரை பேணுவதற்கு ஊரார் கூடி உழைக்கும் குடிமராமத்து வழக்கம் நலிந்தபோது, 1858ஆம் ஆண்டுக் கட்டாய உழைப்புச் சட்டத்தின் மூலம் அதை நிலைநிறுத்த முயன்றது. மற்றொரு பார்வை இயற்கை நூலாருடையது. மருத்துவ அதிகாரியாக இருந்து மீனியல் அறிஞரான பிரான்சிஸ் டே, 1873இல் வெளியிட்ட இந்திய, பர்மிய நன்னீர் மீன்வள அறிக்கையில், நெருங்கிய கண் கொண்ட வலைகளாலும் பொறிகளாலும் நஞ்சாலும் குஞ்சுகளும் சினைமீன்களும் அழிவதை எடுத்துக்காட்டினார். சென்னை மாகாண ஆட்சிப் பணியில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் அதே கவலையைத் தென் கன்னட மாவட்டத்திலிருந்து முன்னதாகவே எழுப்பியிருந்தார். இத்தகைய முறையீடுகள் சேர்ந்தே 1897ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டமாக உருப்பெற்றன. நீரில் வெடி வைப்பதையும் நஞ்சு கலப்பதையும் அச்சட்டம் குற்றமாக்கியது. காயையும் மரப்பட்டையையும் நசுக்கி நீரில் கரைத்து மீனை மயங்கச் செய்யும் பழைய வழக்கமும் இதனால் தடைக்குள் வந்தது.

தாமஸ் 1887இல், குளங்களில் தூண்டில் போடுவதற்கென்றே ஒரு தனி நூல் எழுதினார். பொழுதுபோக்காகத் தூண்டில் போடும் ஐரோப்பிய மரபை இந்தியக் குளத்துக்குப் பொருத்திய முயற்சி அது. எந்த இடத்தில் அமர்வது, எந்த நேரம், எந்த இரை என்று தனிமனிதர் ஒருவர் தம் திறமையால் இடம் கண்டறியும் பார்வை அம்மரபினது. ஊர் கூடி நாள் குறித்து இறங்கும் கண்மாய் வழக்கத்தில் இடத்தைக் கண்டறிவதைவிட இறங்கும் முறை பெறுவதே பெரிது. இரண்டும் ஒரே நீரில் அருகருகே நடந்தபோதிலும் ஒன்றை மற்றொன்று பெரிதாகப் பாதிக்கவில்லை. மண்புழுவைக் கோத்து, தக்கை அசைவதைப் பார்த்துக் கரையில் காத்திருக்கும் ஊர்த் தூண்டில்காரருக்கு அந்நூல் தேவையும் படவில்லை.

பெரிய மாற்றம் இருபதாம் நூற்றாண்டில், மீன் வளர்ப்பின் வழியாக வந்தது. சர் பிரடெரிக் நிக்கல்சனின் முயற்சியால் 1907இல் சென்னை மாகாண மீன்வளத் துறை தோன்றியது. குளங்களில் குஞ்சு விட்டு வளர்த்துப் பிடிக்கும் எண்ணம் அத்துறையின் வழியாகப் பரவி, விடுதலைக்குப் பின் வேகம் பெற்றது. கங்கைச் சமவெளியின் கட்லா, ரோகு, மிருகால் ஆகிய கெண்டை இனங்கள் தென்னகக் குளங்களுக்கு வந்தன; 1952இல் இலங்கையிலிருந்து மண்டபத்துக்குக் கொண்டுவரப்பட்ட திலேப்பியா, ஜிலேபிக் கெண்டை என்ற பெயரில் சில பத்தாண்டுகளுக்குள் ஏறத்தாழ எல்லாக் கண்மாய்களையும் பிடித்துக்கொண்டது. அதே காலத்தில் 1948ஆம் ஆண்டு எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தால் சமீன் கண்மாய்கள் அரசின் கைக்கு வந்தன. நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், உள்ளவை பொதுப்பணித் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களிடமும் பராமரிப்புக்குச் சென்றன. குத்தகை ஏலம் அரசு அலுவலகத்துக்கு இடம் மாறியது.

இதன் விளைவு ஆழமானது. ஒருவர் பணம் கட்டி வாங்கிய குஞ்சு வளர்ந்து மீனானால் அது அவருடைய முதலீட்டின் பலன். அதில் ஊர்ச்சிறுவன் தூண்டில் போடுவது திருட்டாகிவிடுகிறது. தானே வந்த மீனில் ஊருக்கிருந்த உரிமை, வளர்த்த மீனில் இல்லாமற் போயிற்று. குத்தகைக் காலம் முடிவதற்குள் மீனைப் பிடித்தாக வேண்டிய நெருக்கடியில் மடையைத் திறந்து நீரை வெளியேற்றும் வழக்கமும் பல இடங்களில் தோன்றியதால், கடைசித் தண்ணீருக்குக் காத்திருக்கும் உழவருக்கும் குத்தகைதாரருக்கும் இடையே வழக்குகள் மூண்டன. விராலும் ஆராலும் அயிரையும் எண்ணிக்கையில் குறைந்ததற்கு வேற்றின மீன்களோடு, வரத்துக்கால்கள் அடைபட்டதும் வயலில் தெளிக்கும் பூச்சிக்கொல்லி வடிந்து வருவதும் சேர்ந்தே காரணம். எல்லாவற்றிலும் வருந்தத்தக்கது, குத்தகைப் பணத்துக்கும் கண்மாய்ப் பராமரிப்புக்கும் இருந்த பழைய பிணைப்பு அறுந்ததேயாகும். பணம் பொதுக்கணக்கில் சேர்கிறது. வண்டல் கண்மாயிலேயே கிடக்கிறது. 2017இல் தமிழக அரசு குடிமராமத்து என்னும் பெயரை மீட்டு நீர்நிலைகளைச் சீரமைக்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கியபோதும் அந்தப் பிணைப்பு மீளவில்லை.

இத்தனை மாற்றங்களுக்குப் பின்னும், குத்தகைக்கு விடாத கண்மாய்களிலும், குத்தகைதாரர் தம் பிடிப்பை முடித்துக்கொண்ட கண்மாய்களிலும், பழைய வழக்கம் மீன்பிடித் திருவிழா என்னும் பெயரில் உயிரோடிருக்கிறது. மதுரை, சிவகங்கைப் பக்கத்தில் அழிகண்மாய் என்பதும் இதுவே. மாசிக் கடைசியிலிருந்து ஆனிவரை, பொன்னமராவதி, இலுப்பூர், அன்னவாசல், விராலிமலை, சிங்கம்புணரி, திருப்பத்தூர் வட்டாரங்களில் அடுத்தடுத்து இது நிகழ்கிறது. ஊர்ப் பெரியவர்கள் நீர்மட்டம் பார்த்து நாள் குறித்ததும் சுற்றூர்களுக்குச் செய்தி போகிறது. தண்டோராவின் வேலையை இப்போது கைப்பேசி செய்கிறது. விடியுமுன்பே பக்கத்து மாவட்டங்களிலிருந்தும் மக்கள் வந்து கரையில் கூடுகின்றனர். கண்மாய்க் கரைத் தெய்வத்தை வணங்கிய பின் ஊர் முக்கியஸ்தர் ஒருவர் வெள்ளைத் துண்டை வீசும்வரை எவரும் நீரில் கால் வைப்பதில்லை. வீசிய மறுகணம் கரை முழுவதும் ஒரே நேரத்தில் உள்ளே சரிகிறது.

அவர்கள் கையிலிருக்கும் கருவிகளுள் ஊத்தா தனித்துப் பார்க்கத்தக்கது. மூங்கில் பிளாச்சுகளையோ உறுதியான குச்சிகளையோ வளையங்களில் வரிசையாகக் கட்டி, மேல்வாய் ஒரு கை தோள்வரை நுழையும் அளவுக்குக் குறுகியும் கீழ்வாய் அகன்றும் இருக்குமாறு செய்யப்படும் அடியற்ற கூடை அது. முழங்கால் அளவுச் சேற்றுநீரில் நடந்தபடியே அதைத் தூக்கித் தூக்கி முன்னால் அழுத்த வேண்டும். உள்ளே மீன் சிக்கினால் அது குச்சியில் மோதும் அதிர்வு பிடித்திருக்கும் கையில் தெரியும். உடனே ஊத்தாவைச் சேற்றில் இறுக்கி, மேல்வாய் வழியே கையை விட்டுத் துழாவி, விராலானால் செவுளைச் சேர்த்து அழுத்திப் பிடிக்க வேண்டும். கெளுத்தியானால் பக்கத் துடுப்புகளின் முள்ளுக்குப் பின்னால் விரலைக் கொடுத்தால்தான் கை தப்பும். தேளியின் முள்ளோ நஞ்சுடையது. கச்சா என்பது சட்டத்தில் கட்டிய கைவலை. வீச்சு வலையும் சேலைத் துணியும் கொசுவலையும்கூட வருகின்றன. பிடித்ததைப் போட இடுப்பில் பரி என்னும் சிறு கூடை தொங்கும்.

தனியாக ஒருவர் ஊத்தாவோடு இறங்கினால் பெரிதாக எதுவும் கிடைக்காது என்பதை அனுபவமுள்ளோர் அறிவர். நூற்றுக்கணக்கானோர் ஒருசேர நடக்கும்போது சேறு எழும்பி நீர் கலங்குகிறது. கலங்கிய நீரில் மூச்சுத் திணறும் மீன்கள் மேலே வந்து தத்தளிக்கின்றன. ஒதுங்க எந்தப் பக்கமும் இடமில்லாமல் கால்களுக்கிடையே ஓடுகின்றன. அவ்வகையில் கூட்டமே ஒரு கருவியாகிறது. ஊர் ஒன்றாக இறங்க வேண்டும் என்ற விதிக்குச் சமூக நோக்கத்தோடு இந்தத் தொழில்நுட்பக் காரணமும் இருப்பதை ஆய்வாளர்கள் போதிய அளவு கவனிக்கவில்லை என்றே தோன்றுகிறது. பக்கத்து ஊராரை அழைப்பதும் விருந்தோம்பலால் மட்டுமன்று. ஆள் குறைந்தால் நீர் கலங்காது.

பிடித்த மீனை விற்கலாகாது, வீட்டில் சமைத்து உண்ண வேண்டும், உறவினருக்குக் கொடுத்தனுப்ப வேண்டும் என்பது பெரும்பாலான ஊர்களின் நடைமுறை. இவ்வாறு செய்தால் அடுத்த ஆண்டு மழை பெய்து கண்மாய் நிறையும் என்ற நம்பிக்கை அதற்குத் துணை நிற்கிறது. ஊத்தாவுக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கும் ஊர்களும் உண்டு. வெளியூரிலிருந்து கோடைப் பயணமாக வருவோரும் இந்நாளில் ஊத்தாவோடு இறங்க முடியும். ஆனால் துண்டு வீசும் முன் இறங்குவதும், பெரிய இழுவலை கொண்டு ஒரு பக்கத்தை வளைப்பதும் எந்த ஊரிலும் பொறுத்துக்கொள்ளப்படுவதில்லை. நீர்த்தேக்கங்களிலோ மீன்வளத் துறையின் அல்லது மீன்வளர்ச்சிக் கழகத்தின் அனுமதி வேண்டும். குத்தகையிலுள்ள கண்மாயில் குத்தகைதாரரின் சம்மதமின்றித் தூண்டில்கூடப் போட முடியாது.

அண்மைக் காலத்தில் இந்த வழக்கத்துக்கு இடையூறு கண்மாயின் தரையிலிருந்தே வருகிறது. உள்வாய் எங்கும் பரவிய சீமைக்கருவேலத்தின் முள், வெறுங்காலோடு சேற்றில் நடப்பதைத் தண்டனையாக்குகிறது. அதன் வேர்க்கட்டைகள் நிறைந்த இடத்தில் ஊத்தா தரையில் பதியாது. சவுடு மண் எடுத்த இயந்திரங்கள் செங்குத்தாக வெட்டிவிட்ட குழிகள் வேறு வகைக் கேடு. பழைய கண்மாயின் தரை கரையை நோக்கிச் சீராகச் சரிந்ததால் குழந்தைகளும் முதியோரும் தத்தம் உயரத்துக்கேற்ற ஆழத்தில் நின்று பிடிக்க முடிந்தது. இக்குழிகள் கலங்கிய நீரில் கண்ணுக்குத் தெரிவதில்லை. மீன் அங்கே இறங்கிவிட்டால் ஊத்தாவுக்கு எட்டுவதுமில்லை. அதனால் நாள் குறிக்கும் பெரியவர்கள் சில ஊர்களில் நீர்மட்டத்தோடு குழிகள் இருக்குமிடத்தையும் முன்னதாகப் பார்த்து, கம்பு நட்டு அடையாளமிட வேண்டியதாகிறது.